முப்பது கிலோவும் மேற்கே சூலமும்

கமுந்திங், மலேசியா,
சனிக்கிழமை.

அன்பு மகள் தினேஸ்வரிக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். டப்ளினில் நீயும் மாப்பிள்ளை ஷோனும் குளிருக்கு அடக்கமாக, ஒருவருக்கொருவர் ஆதரவாக இருக்க முருகன் துணை. தினமும் போனில் பேசுகிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே, கெட்ட சேதி ஒன்றும் இல்லை. நம் வீட்டில் போன் பேசினால் உன் அம்மா அடுப்படியில் இருந்தபடியே இரண்டு பக்கப் பேச்சையும் கேட்டுவிடுவாள், அதுதான் காரணம். அதனால் பக்கத்து வீட்டு சுபைதாவின் ஹாலில், அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதி, உன் பெயர் போட்ட மசாலாத் தூள் பைக்குள் செருகப் போகிறேன். பெட்டியைத் திறந்ததும் அந்தப் பையை நீயே எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்ப் படி. அதுவரை நடுவிலிருந்து எதையும் உருவாதே, ஒன்றை உருவினால் எல்லாம் சரியும், நான் அடுக்கிய அடுக்கு அப்படி.

அம்மாவின் பெட்டி எதற்கு சுபைதா வீட்டில் இருக்கிறது என்று கேட்பாய். நீ டிக்கெட் அனுப்பிய நாளிலிருந்து உன் அம்மா போகாமல் இருக்க ஒவ்வொரு காரணமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் எனக்கு ரத்த அழுத்தம் என்றாள், அது இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். அப்புறம் பூனை குட்டி போட்டிருக்கிறது என்றாள். கடைசியாக நாள்காட்டியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள், ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், அந்த நாளில் மேற்கே போக எந்தப் பிள்ளையாவது பெற்றவளுக்கு டிக்கெட் போடுமா என்று. இந்தத் தடவையும் அம்மா வரவில்லை என்றால் இனி கூப்பிடவே மாட்டேன் என்று நீ என்னிடம் சொன்னது என் நெஞ்சில் அப்படியே கிடக்கிறது. உன் பதிவுத் திருமணம் முடிந்து இரண்டு வருடம், அவள் இன்னும் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடியோவில் அவர் எட்டிப் பார்த்தாலே போனை மேலே திருப்பிவிடுகிறாள். பாவம், அவள் முகத்தைவிட எங்கள் வீட்டுக் கூரைக் காற்றாடிதான் அவருக்கு நல்ல பழக்கம். அதனால் நாள்காட்டியில் பொது விடுமுறையைத் தவிர வேறெதையும் பார்க்காத நான், கோயிலில் பஞ்சாங்கம் பார்க்கிற உடையப்பனிடம் போனேன். அவர்தான் பரஸ்தானம் என்று ஒரு வழி சொன்னார். சூலம் உள்ள நாளில் கிளம்ப வேண்டியிருந்தால், முன்னாலேயே ஒரு நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் வாசல் தாண்டி வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடலாம், பயணம் அப்போதே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படிப் போன பெட்டி பயணம் முடியாமல் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. எனக்குத் தேவைப்பட்டது அந்தக் கடைசி விதிதான்.

வியாழக்கிழமை காலை நல்ல நேரம் பதினொன்றே முக்காலோடு முடிகிறது என்பதால் விடிந்ததும் பெட்டியை அடுக்க உட்கார்ந்தோம். கையுறை ஆலையில் இருபத்தாறு வருடம் பேக்கிங் பிரிவில் நின்றவன் நான், பெட்டிக்குள் காற்று இருந்தால் எனக்குப் பிடிக்காது. காற்றை ஏற்றுமதி பண்ணவா சம்பளம் வாங்குகிறோம் என்றுதான் அங்கே எல்லாரையும் ஏசுவேன். கனமானதைச் சக்கரத்துப் பக்கம் வைத்தேன், சேலைகளை மடிக்காமல் சுருட்டினேன், கம்பளிச் சட்டையைக் கைலிக்குள் வைத்து உருட்டினேன். புதுச் சப்பாத்துக்குள் இடம் வீணாகிறதே என்று உளுந்துப் பொட்டலத்தைத் திணித்தபோதுதான் சண்டை வந்தது. சாப்பிடுகிற பொருளைக் காலில் போடுகிறதற்குள் வைக்கிறாயே, நீ மனுசனா என்றாள். உளுந்து வெளியே வந்தது, காலுறை உள்ளே போனது. அப்புறம் கல்லுரலைத் தூக்கிக்கொண்டு வந்தாள், நான்கு கிலோ. அந்த ஊரே கல்லால் கட்டியதாகத்தான் போட்டோவில் தெரிகிறது, அங்கே இல்லாத கல்லா என்றேன். அது வேறு கல்லாம். கல்லுரல் போகவில்லை, அவள் ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை, அந்த ஒரு மணி நேரத்தில் மீதி வேலை வேகமாக முடிந்தது. நம் வீட்டுத் தராசில் ஏறிப் பார்த்தேன், நான் மட்டும் எழுபத்தொன்று, பெட்டியோடு நூறரை, ஆகப் பெட்டி இருபத்தொன்பதரை. விமானத்தில் முப்பது விடுவார்கள். பதினொன்றரைக்குப் பெட்டி வாசல் தாண்டியது.

வெள்ளிக்கிழமை காலை உன் அம்மா மனம் மாறிவிட்டாள். நான் போகவில்லை, சூலமும் வேண்டாம் பரஸ்தானமும் வேண்டாம், பெட்டியை எடுத்து வருகிறேன் என்று மார்க்கெட்டுக்குப் போகிற பெரிய பையையும் எடுத்துக்கொண்டு சுபைதா வீட்டுக்குப் போனாள். நான் வாசலில் நின்று சகல தெய்வத்தையும் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டி இல்லாமல், வெறும் பையோடு வந்தாள். திரும்பக் கூடாத பெட்டியைத் தொட அவளுக்குத் துணிவு வரவில்லை, என் யோசனை வேலை செய்துவிட்டது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இன்று காலை கடைசியாக ஒரு முறை நிறுத்துப் பார்க்கலாம் என்று தராசைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தேன். பெட்டியோடு ஏறினால் நூற்றிரண்டு. இரண்டு நாளாகப் பெட்டியைப் பார்க்கிற சாக்கில் சுபைதா கையால் ரொட்டி ஜாலாவும் கோழிக் கறியும் சாப்பிட்டது இப்படிக் காட்டுகிறது போல என்று வெட்கத்தோடு இறங்கி, தனியாக ஏறிப் பார்த்தேன். அதே எழுபத்தொன்று. வயிறு ஏறவில்லை, பெட்டிதான் ஏறியிருக்கிறது. சுபைதாவைப் பார்த்தேன், அவள் முந்தானையைச் சரி செய்தாள். உனக்காகத் தேங்காயோடு உலர வறுத்த கோழி செருண்டிங் அரைக் கிலோ வைத்தது தான்தான் என்று ஒத்துக்கொண்டாள். இறைச்சியை அந்த ஊர் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று சொல்லி எடுத்துக் கொடுத்தேன், அவளுக்கு வருத்தம்தான். அப்போதும் ஒரு கிலோ கணக்கில் வரவில்லை. அது எது என்று கேட்டதற்கு, அக்காவையே கேளுங்கண்ணே என்றாள். நான் கேட்கவில்லை, பெட்டியைத் திறந்தேன். என் அடுக்கு கலைந்திருந்தது. கம்பளிச் சட்டை இருந்த கைலிச் சுருளைப் பிரித்தால் உள்ளே அதோடு ஒரு பட்டு வேட்டி, சட்டை, துண்டு. வேட்டியில் இடுப்பில் ஒட்டிக்கொள்கிற பட்டை வைத்துத் தைத்திருந்தது. கட்டத் தெரியாத பிள்ளைக்கு அவிழ்ந்து விழுந்துவிடுமே என்று அதையும் யோசித்திருக்கிறாள், தினேசு. நேற்று இங்கே வந்தபோது சட்டையின் அளவு சந்தேகமாகி, சுபைதாவின் கணவர் இப்ராஹிமைக் கையை விரித்து நிற்க வைத்துப் போட்டுப் பார்த்தாளாம். பொத்தான் போட முடியாமல் அவர் மூச்சைப் பிடித்தாராம், அப்படியென்றால் மாப்பிள்ளைக்குச் சரியாக இருக்கும் என்று முடிவு செய்தாளாம். எதுக்குக்கா இதெல்லாம் என்று சுபைதா கேட்டதற்கு உன் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாப்பிள்ளை வீட்டுக்கு மொத மொதல்ல போறேன், வெறுங்கையா போய் நின்னா அது மரியாதையாலா?"

மாப்பிள்ளை என்று சொல்லியிருக்கிறாள். இந்த இரண்டு வருடத்தில் அந்தச் சொல் அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் ஈப்போ கடையின் ரசீது மடித்திருந்தது, தேதி போன தீபாவளிக்கு முந்தின வாரம். நீ டிக்கெட் போடுவதற்கு ஏழு மாதம் முன்னால். அத்தனை நாளும் என் சட்டைகளுக்கு அடியில்தான் எங்கோ இருந்திருக்கும், பேக்கிங் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவனுக்குத் தெரியவில்லை. நான்தான் அவளைத் தந்திரமாகக் கிளப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் எப்போதோ கிளம்பிவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சுபைதா தேத்தண்ணி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். எல்லாவற்றையும் இருந்தபடியே சுருட்டி வைத்தேன். எடை முப்பதுக்குள் வர வேண்டுமே என்று உனக்கு நான் வைத்திருந்த வெள்ளைக் காப்பிப் பொட்டலம் இரண்டையும் எடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

இனி நீ செய்ய வேண்டியது. வேட்டி விசயம் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அவளாக எடுக்கும்வரை பொறு, இரண்டு மூன்று நாள் ஆனாலும் பொறு. எடுத்துக் கொடுத்ததும் ஷோன் சிரிக்காமல் கட்ட வேண்டும், சட்டை பெரிதோ சிறிதோ சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று முதல் நாளே அம்மாவிடம் ஆரம்பிக்காதே. அவள் வந்து நிற்பதே அதற்குப் பதில்தான். நானும் கூட வரலாமே என்று நீ கேட்டபோது சாக்குச் சொன்னேன், உண்மை என்னவென்றால் நான் வந்தால் அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னையே பேச வைப்பாள். அவளே பேசட்டும். மூன்று வாரம் கழித்துத் திருப்பி அனுப்பும்போது பெட்டியை எப்படி அடுக்கினாலும் சரி, காற்று இருந்தாலும் சரி, நல்ல நேரமும் பார்க்க வேண்டாம். அவள் வீட்டுக்கு வருகிற நேரம் எதுவானாலும் எனக்கு நல்ல நேரம்தான்.

நீங்கள் இருவரும் பதினாறும் பெற்று நிறைவாக வாழ அப்பாவின் ஆசி. ஒன்று மறக்காதே. ஷோன் வேட்டி கட்டியதும் எனக்கு வீடியோவில் கூப்பிடு, போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு நீ தள்ளி நின்றுகொள். உங்கள் வீட்டுக் கூரையைக் காட்டுகிறாளா, மாப்பிள்ளையைக் காட்டுகிறாளா என்று நான் இங்கிருந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெயபாலன்