மூன்று கட்டத்துக் கிழவி

மார்ச் 3

பெரியவன் மகள் பல் டாக்டர். மகள் வயிற்றுப் பேத்தி கப்பலில் என்ஜினியர், ஆம்பளைகளை வேலை ஏவுகிறாள். சின்னவன் மகள், கடைக்குட்டி, வெளியூரில் ஓவியம் படிக்கிறாள், முதல் பரிசு வாங்கியிருக்கிறாள். அவள் அண்ணன், பத்திரிகையில் தினமும் மூன்று கட்டச் சிரிப்புப் படக்கதையில் என்னைக் குண்டூசிப் பாட்டியாக வரைந்தவன். ஊரே சிரிக்கும்.

வரைந்தவன். அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போன மாதம் பைக்கில் போனான். திரும்பவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை.

மார்ச் 5

இன்றும் பேப்பரில் அவன் வரைந்தது வந்திருக்கிறது. கட்டுக்கட்டாக முன்கூட்டியே வரைந்து கொடுத்துவிடுவான். இன்று கிழவி செருப்பை ஒளித்துவைத்துப் பேரனை அலையவிடுகிறாள். விஷயம் தெரியாத பால்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பேரனை நல்லா காய்ச்சிட்டீங்க பாட்டி!"

பாத்திரத்தை நீட்டினேன்.

மார்ச் 9

ஒன்றுமில்லை. பேப்பர் வந்தது.

மார்ச் 12

பத்திரிகை ஆசிரியர் வந்தார். அவன் வரைந்து கொடுத்த கையிருப்பு தீரப்போகிறதாம். நிறுத்துவதா, கடைக்குட்டியை வரையச் சொல்வதா? "கிழவி உங்க ஜாடை. நீங்க சொல்றதுதான் முடிவு."

சின்ன மருமகள், அவனைப் பெற்றவள், "அவன் கை வேற, இவ கை வேற. நிறுத்திடுங்க அத்தை" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

யோசித்துச் சொல்கிறேனென்று அவரை அனுப்பிவைத்தேன்.

மார்ச் 13

அவன் மேசையில் ஒரு தாள். இரண்டு கட்டத்துக்கு மை போட்டிருக்கிறான். மூன்றாவதில் வெறும் நீலப் பென்சில். முன்பு சொல்லியிருக்கிறான்: "நீலம் அச்சுல விழாது பாட்டி. மேல மை போட்டாத்தான் நீ பொறப்ப." அந்தக் காலத்தில் படக்கதைக்கு அரைப் பக்கம் கொடுப்பார்களாம். இப்போது உள்ளங்கை அகலம்தான். "செவுத்துக்கு ஒரு கோடு, உனக்கு ஒரு மூக்கு. போதும்" என்பான்.

மை போடாவிட்டால் அந்தக் கட்டம் வெறும் வெள்ளையாகத்தான் அச்சாகும்.

மார்ச் 16

ஆசிரியர் கேட்டாரென்று கடைக்குட்டி மாதிரிக்கு ஒன்று வரைந்து அனுப்பியிருந்தாள். போன் போட்டேன்.

"யாருடி இவ? புதுப்பொண்ணாட்டம் நிமிந்து நிக்கிறா?"

"எங்கிட்ட இருக்கறது உன் பழைய போட்டோதான் பாட்டி."

"உங்கண்ணன் போட்டதப் பாத்து அப்படியே போடேன்."

"அது அவன் பாத்த கெழவி. நான் உன்னைப் பாத்துதான் போடுவேன்."

திமிர். இவளும் என் பேத்திதானே. சிரித்தேனா? தெரியவில்லை.

மார்ச் 18

அவன் வரைந்ததில் கடைசி இன்று வந்துவிட்டது. மருமகள் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். "கடைக்குட்டி போடட்டும்மா" என்றேன். கத்தரித்த துண்டை அவன் மேசையில் வைத்தாள். பிறகு அவளே கேமராவை எடுத்து வந்தாள்.

"சிரிங்க அத்தை."

"குண்டூசிக்கு எதுக்குடி சிரிப்பு?"

பல் செட்டைக் கழற்றிவிட்டு, கூனலோடு உட்கார்ந்தேன். போனில் அனுப்ப வேண்டாம், கடைக்குட்டி தன் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துப் பார்க்கிற மாதிரி பெரிதாகப் பிரிண்ட் போடச் சொன்னேன்.

"புதுப்படம் இது. இன்னிக்கே தபால்ல போட்டுடும்மா."