அரச குடும்பத்துக்கு ஒரு மாடி

2005 ஐப்பசி, செவ்வாய் இரவு.

அகதியாய் வந்த இந்த நாட்டில், நான் பாத்திரம் கழுவும் ஹோட்டலில் ஓர் அரச குடும்பம் தங்க வருகிறது. ஒரு மாடி முழுவதையும் காலியாக்கிவிட்டார்கள்.

“நாலு பேர் படுக்க நாப்பது அறை, காவலுக்கு நூறு பொலிஸ். எல்லாம் எங்கட வரிக்காசு அண்ணை,” என்று கூட வேலை செய்யும் செல்வன் சிரித்தான்.

பிறகு வேலையாட்களைப் பொலிஸ் விசாரித்தது. செல்வன்தான் மொழிபெயர்த்தான். “உங்களை எப்பவாவது பிடிச்சு அடைச்சவங்களோ எண்டு கேக்கிறார்.”

“ஓம். ஊரில ஆமி மூண்டு நாள் நெல்லு மில்லுக்குள்ள வைச்சிருந்தது. எங்கட பக்கம் ஆரைத்தான் பிடிக்கேல்லை?”

பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. அகதி விண்ணப்பத்தில் இதே கேள்விக்கு, அதை எனக்காக நிரப்பித் தந்த ஒருவன் “இல்லை” என்று போட்டான். எனக்கு இந்த நாட்டு மொழி எழுத்துக்கூட்டக்கூட வராது. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். அவன் சொன்னதில் ஒரு சொல்லும் மறக்கவில்லை: “உண்மையைச் சொன்னால் ஆயுத இயக்கத்து ஆளெண்டு நினைப்பாங்கள், ஐயா.”

இரண்டு கடதாசியும் ஒரே மேசைக்கு வந்தால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மனைவியை இங்கே எடுக்கப் போட்ட விண்ணப்பமும் அதோடு போகும். என்ன செய்யலாம் என்று கேட்கச் செல்வனுக்குப் போன் எடுத்தேன். “இப்ப வேண்டாம், பேந்து பாப்பம் அண்ணை,” என்றான்.

அரச குடும்பம் இரண்டு நாளில் போய்விடும். விடிந்தால் மனைவி வவுனியாவிலிருந்து போன் எடுப்பாள். “விசாக் கடிதம் வந்திட்டுதோ?” என்றுதான் முதலில் கேட்பாள். நான் என்னத்தைச் சொல்ல?