அப்பா மாற்றிப் பேசிய வசனம்

அன்பு மகள் இலக்கியாவுக்கு, அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். சிங்கப்பூரில் நீ சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்றால் அதுவே எனக்குப் போதும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் பக்கத்து வீட்டுப் பெரியண்ணன் அங்கே வேலைக்குத் திரும்பும்போது கொடுத்தனுப்ப இதை எழுதுகிறேன்.

திருவிழாவுக்கு இந்த வருஷமும் நம் ஊர்ப் பையன்கள் நாடகம் போட்டார்கள், எழுதியது உன்னோடு படித்த ரகுநாத். கதை ஒரே அழுகை. செவந்தி என்று ஒரு பெண், வளையல்கூட அப்பனைக் கேட்டுத்தான் போடுவாள். ஒருவனை விரும்பிய பிறகுதான் அவளுக்கு வாயே வருகிறது, நிமிர்ந்து நின்று எனக்கு இவர்தான் என்கிறாள். அப்பன் விரட்டிவிடுகிறான், அவள் பூச்சி மருந்தைக் குடித்துச் சாகிறாள். கேட்கும்போதே உன் நினைப்புத்தான் வந்தது. நீயும் பள்ளிக்கூட டூருக்குப் பெர்மிஷன் கேட்க என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றவள்தானே, அங்கேயே வேலை பார்க்கும் நிலவழகனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அப்பாவிடம் நேராகப் போனில் சொன்னாயே. அன்றிலிருந்து வேறு சாதிப் பையன் என்று அவர் உன்னோடு பேசுவதில்லை. மீசை நன்றாக இருக்கிறது என்று அந்த அப்பன் வேஷத்தை உன் அப்பாவுக்கே கொடுத்துவிட்டார்கள்.

ஒத்திகையில் ஒரு தொந்தரவும் இல்லை. உனக்குத் தெரியுமே, செவந்தி வேஷத்துக்கு வெளியூர் நடிகை நாடகத்தன்றுதான் வருவாள், அதுவரை அவள் வசனத்தை டிராக்டர் ஓட்டும் பழனிச்சாமி கட்டைக் குரலில் படிப்பான், இவரும் சிரித்துக்கொண்டே விரட்டுவார். அன்றைக்குப் புதுக்கோட்டையிலிருந்து வந்த புவனேஸ்வரிக்கு உன் வயதுதான் இருக்கும், இவர் காலைப் பிடித்துக்கொண்டு, ஒங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா என்று அழுதாள். வாசலை விட்டு இறங்குடி என்று இவர் சொல்ல வேண்டும், வாயே திறக்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து ரகுநாத் எடுத்துக் கொடுத்த வசனம் மைக்கில் ஊருக்கே கேட்டது. இவரோ குனிந்து அவளைத் தூக்கி, எந்திரி ஆத்தா, அந்தப் பயல வரச்சொல்லு, பேசிக்கிருவோம் என்று சொல்லிவிட்டார்! விஷப் பாட்டிலுக்கு வேலையே இல்லாமல் போனது, ஆர்மோனியக்காரர் வேறு வழியில்லாமல் மங்களம் பாடி முடித்தார். ரகுநாத் இன்னும் இவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, நீ வரும்போது அவனுக்கு ஒரு நல்ல சட்டை எடுத்து வா, அந்தப் பிள்ளைக்கும் புவனேஸ்வரிக்கும் நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

நேற்று முழுக்க அப்பா வயலே கதி என்று கிடந்தார். இன்று காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், பொங்கலுக்கு லீவு கெடைக்குமான்னு கேளு, ரெண்டு பேருக்கும், என்றார். நான் அடுப்பை மறந்து சோற்றைக் குழைய விட்டுவிட்டேன். ஒரு குறையும் சொல்லாமல் அதையே சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போனார்.

அந்தத் தம்பி காரம் சாப்பிடுவாரா என்று கேட்டுச் சொல். மாரியாத்தா உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்வாள். மறந்துவிடாதே, இந்தத் தடவை என் நம்பருக்கு வேண்டாம், அப்பா நம்பருக்குக் கூப்பிடு. எடுப்பார்.

உன் அம்மா,
அழகி