திமிங்கிலத்துக்கு ரிக் ஓஸ்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கேஸ் புக் செய்ய வேண்டும்.

திமிங்கில மாடல் முடிந்தது. ஆழ்கடல் அழுத்தம் ரத்த நாளத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒன்றுதான், அதனால் வெடிக்காது. வாலை அடித்து நீந்தும்போதுதான் ஆபத்து. ஒவ்வோர் அடிக்கும் ரத்தம் மூளையைப் போய் மோதப் பார்க்கும். மூளைக்கு முன்னால் மெல்லிய நாளங்களின் கொத்து. போகும் ரத்தமும் திரும்பும் ரத்தமும் அங்கே ஒட்டி ஓடி, மோதலைப் பங்குபோட்டுக்கொள்ளும். குளுக்கோஸ் ஏற்றும் குழாய்களைக் கொத்தாகக் கட்டினேன். மூளைக்குப் பலூன். கைப்பம்பை எவ்வளவு குத்தியும் பலூன் துள்ளவில்லை!

முதலில் பரிமளாவிடம்தான் காட்டினேன். பிசிக்ஸ் டீச்சர், போர்வெல் போடும் ரிக் வண்டிக் குடும்பம், தினமும் ஸ்டாஃப் ரூமில் என்னோடு சாப்பிடுகிறவள். "இத்தன சன்னக் கொழாயா? தாங்குமா புள்ள?" சிரித்தாள்.

சேலம் அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது நான்தான் என்று பேச்சு. நல்ல புடவை அயர்ன் செய்யணும்.

6, வியாழன்

வெயில். தலைவலி.

நோட்டீஸ் போர்டில் பரிமளா பெயர். மாடல் செய்தவரும் அவளே. என் பெயர் எங்கும் இல்லை. தலைமையாசிரியர்: "அவங்களே செஞ்சதுன்னுதானுங்களே பரிமளா டீச்சர் சொன்னாங்க?"

பரிமளா: "மனசுல வெச்சுக்காத சாமி. எங்கூட்டுக்காரரு ரிக் ஓஸ் போட்டு ஸ்ட்ராங் பண்ணிக் குடுத்துட்டாரு. இப்ப அது வேற மாடல்தானே?"

சொல்லிக்கொண்டே கத்தரிக்காய்ப் பொரியல் வைத்தாள். நானும் தின்றேன். த்தூ.

என் குழாய்க் கொத்து லேப் குப்பைக்கூடையில். வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அழுதேன். கூடவே இருந்து கழுத்தறுத்துவிட்டாள்.

7, வெள்ளி

பால் திரிந்துவிட்டது. லீவு.

பத்து மணி வாக்கில் சேலத்திலிருந்து பரிமளா போன். "பம்பு அடிச்சதும் பலூன் வெடிச்சிருச்சு சாமி. வேற பலூன் மாத்துனேன், அதுவும் போச்சு. மத்தியானம் ஜட்ஜு வாராங்க. புள்ளைங்க அழுவுதுங்க."

வெடிக்காமல்? கம்பி போட்ட ஓஸ் தான் மட்டும் தாங்கும். மோதலைத் தணிக்காது, அப்படியே மூளைக்குத் தள்ளிவிடும். பிசிக்ஸ் டீச்சராம்!

போனை வைத்திருக்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள். கொத்தில் என் பெயர் எழுதிய சீட்டை வைத்து, மேலே டேப் சுற்றி, நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். "மருந்துங்களா?" "ஆமாங்க."

சாயங்காலம் ஸ்கூல் குரூப்பில் படம். முதல் பரிசு. பலூன் முழுசாக. பரிமளா பல்லெல்லாம் தெரிய.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொத்து என்னுடையதுதான். பெயர் இருந்த இடத்தில் டேப்பைப் பிய்த்த பிசின் மட்டும்.