கனிமொழி கொண்டுவந்த பல்பு

என் செல்ல மல்லாட்டைக்கு,

சிதம்பரத்திலிருந்து அம்மா எழுதுவது. நான், உன் தம்பி சிலம்பரசன், அவன் பெண்டாட்டி கனிமொழி மூன்று பேரும் சுகம், கனி வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் நாலு பேர். பினாங்கில் உனக்கு ஒரு குறையும் வராமல் தில்லைக் காளி பார்த்துக்கொள்ள வேண்டும். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் கனி பக்கத்தில் வந்து நிற்கிறாள், எல்லாம் சொல்ல முடிவதில்லை. நீ கொடுத்தனுப்பிய குச்சிகளைக் கொண்டுவந்த பரங்கிப்பேட்டை பாய் வெள்ளிக்கிழமை திரும்பப் போகிறாராம், அவர் கையிலேயே இதைக் கொடுக்கிறேன். ஊருக்கு வந்த அன்றைக்கே பஸ் ஏறி வந்து கொடுத்தார், நல்லா இருக்கட்டும் அந்த மனுஷன்.

நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், போனில் நீ பாதிதான் கேட்டாய். கனி கடலூர்ப் பக்கம் எல்இடி பல்பு கம்பெனிக்கு வேனில் போய் வருகிறாள் இல்லையா, அங்கே கழித்துப் போட்ட பல்பை வேலை செய்கிறவர்களுக்குக் கொடுப்பார்கள். அவள் கொண்டுவந்த ஒன்று நாலே நாளில் எரியாமல் போனது, தம்பி அதைக் கழற்றி வைத்திருந்தான். உள்ளே ஈயம் உருக்கிப் பத்தவைத்த பொட்டெல்லாம் பளபளவென்று இருந்தது. எனக்கு உன் அப்பா நினைப்பு வந்துவிட்டது. கடையில் அவர் ரிப்பேர் பார்த்த ரேடியோவில் அப்படித்தான் இருக்கும். போன ஐப்பசியில் அவர் போனதிலிருந்து அந்த மினுக்கலை நான் பார்க்கவில்லை, உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகுதான் சுருக்கென்றது. நீ லீவில் வந்தபோது, காரீயம் சேர்க்காமல் பத்தவைத்தது என்று உங்கள் கம்பெனி சர்க்யூட் அட்டை ஒன்றை அப்பாவிடம் காட்டினாய். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, என்னாடி இது சாம்பல் பூத்தாப்புல இருக்கு, வேலை தெரியாதவன் வெச்சானா என்று உன்னைக் கிண்டல் பண்ணினார். காரீயம் இருந்தாத்தான்ப்பா மினுக்கும், அது ரத்தத்துல போய் ஒக்காந்துக்கும், வயித்துப் புள்ளையைக்கூட விடாது, அது கலந்த சாமானை வெளிநாட்டுல வாங்க மாட்டாங்க, ஒவ்வொண்ணையும் மெஷின்ல வெச்சுப் பாக்கறதுதான் என் வேலை என்று நீ சொன்னாய். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது அவ்வளவுதான். கனி கம்பெனியிலும் காரீயம் கிடையாது என்று சுவரில் ஒட்டியிருக்கிறதாம். அப்புறம் ஏன் மினுக்குது என்று அவளைக் கேட்டேன். அது ரிப்பேர் மேசையில பண்ணது அத்தை, நான்தான் அங்க ஒக்காருறேன், அங்க பத்தவைக்கிற கம்பி வெண்ணெயாட்டம் உருகுது, சீக்கிரமா வேலை முடியுது என்றாள். அப்போதுதான் உனக்குப் போன் போட்டேன்.

காரீயம் பட்டால் சிவக்கும் என்று நீ அனுப்பிய குச்சியை, நீ சொன்னபடி நனைத்து அந்தப் பொட்டின் மேல் தேய்த்தோம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே குங்குமமாய்ச் சிவந்துவிட்டது. மறுநாள் கனி அதைக் கொண்டுபோய் சூப்பர்வைசர் ராஜாமணியிடம் காட்டியிருக்கிறாள். மசக்கையில வாந்தி வந்தா கம்பி மேல பழி போடாதம்மா, ஒன் மாமியா என்ன இன்ஜினியரா என்று சிரித்தாராம். இவளுக்கு இவ்வளவு வாய் இருப்பது எனக்கே தெரியாது. இன்ஜினியர் இல்ல சார், மெக்கானிக் பொண்டாட்டி, முப்பது வருஷம் பாத்த கண்ணு அது, நீங்களே ஒரு குச்சி தேய்ச்சுப் பாருங்க என்று மிச்சத்தை மேசையில் வைத்துவிட்டாள். தேய்த்தார், அதோடு சிரிப்பு நின்றது. ஆர்டருக்கு வருகிற கம்பி தீர்ந்த சமயம், ரிப்பேருக்குத்தானே என்று கடைத்தெருவில் காரீயம் கலந்த பழைய மாதிரிக் கம்பி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். சட்டமெல்லாம் புதுசாகச் செய்கிறதுக்குத்தான், திருத்துகிறதுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டார்களாம். முதலாளி வந்து பார்த்து அந்தக் கம்பியை எல்லாம் கட்டி எடுக்கச் சொல்லிவிட்டார், புகையை இழுக்க ஃபேன் வைத்தாகிவிட்டது, கனியைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். சாயங்காலம் ராஜாமணி வேன் வரைக்கும் வந்து, ஒங்க அத்தைகிட்ட சொல்லும்மா, போன மாசம் வரைக்கும் என் பொண்ணும் அந்த மேசையிலதான் ஒக்காந்திருந்தா என்றாராம்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம், ரத்தத்தை மெட்ராசுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். காரீயம் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். இப்பவே நிறுத்துனது நல்லதாப் போச்சு, இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல என்றார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் திரும்பப் பார்க்க வேண்டும். ஆனால் பிள்ளை துடிப்பு நன்றாக இருக்கிறது, காதில் வைத்துக் கேட்க விட்டார்கள், குதிரை ஓடுகிற மாதிரி கேட்டது. பொட்டப்பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்புகிறாயே என்று கேட்டவர்களோடு சேர்ந்து நானும்தான் அழுதேன், அப்பாதான் போவட்டும் என்று ஒரே பிடியாக நின்றார். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், கண்ணு. உனக்கும் சொல்கிறேன், அவருக்கும் சொல்கிறேன். கனி தினமும் அண்ணி அண்ணி என்று உன் பேச்சுத்தான்.

நீயும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதே. அப்பா முதல் தெவசம் ஐப்பசியில் வருகிறது, தேதி தம்பி சொல்லுவான், அன்றைக்கு மட்டும் கவுச்சி வேண்டாம். நீ எடுத்த காரியமெல்லாம் கூடி வர வேண்டும், நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
தில்லையம்மாள்

ஒட்டப் போன கடுதாசியை மறுபடி பிரித்து எழுதுகிறேன், கனிக்கும் தம்பிக்கும் தெரிய வேண்டாம். உனக்கு மூத்தவன் ஏழாம் மாதத்திலேயே பிறந்து அன்றைக்கே போனது உனக்குத் தெரியும். அவன் வயிற்றில் இருந்தபோது நான்தான் கடையில் அப்பாவுக்கு எதிரே உட்காருவேன், இரண்டு கையிலும் அட்டையைப் பிடித்துக்கொண்டு அந்தக் காரீயக் கம்பியைப் பல்லில் கடித்திருப்பேன். உன்னை உண்டானபோது அந்தப் புகை ஆகாமல் கடைப் பக்கமே போகவில்லை. அப்போது யாருக்கும் தெரியாது, அப்பா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ படித்தவள், ஒரு வார்த்தை சொல், அந்தப் பிள்ளை அதனால்தான் போனானா?