அப்பாவும் இறால் ஓடும்

வியாழன், இரவு.

அப்பா மேல் கோபம் இன்னும் தணியவில்லை. நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தால் அவர் காலில் ஆறாத புண். நடக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் கண்டி மார்க்கெட் வரை நடந்து போய், என் ஆய்வுகூடத்துக்கு இறால் ஓடு வாங்கி வந்திருக்கிறார். மீன் வாடையே ஆகாத மனிதர். பை உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அந்த ஓட்டிலிருந்து நாங்கள் எடுப்பது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்த ஒரு பொருள். அதில் செய்யும் களிம்பு நைட்ரிக் ஆக்சைடு வாயுவை மெல்ல மெல்லப் புண்ணில் விடும். ரத்த ஓட்டம் கூடிப் புண் ஆறும். ஆனால் இதுவரை எலிகளுக்குத்தான் போட்டுப் பார்த்திருக்கிறோம்.

கட்டு மாற்றும்போது அப்பா கேட்டார்: "ஒன் மருந்த எனக்குக் கொஞ்சம் போட்டா என்ன பாப்பா?"

"மனுசருக்குப் போட இன்னும் அனுமதி இல்லப்பா. வருசக்கணக்கா ஆகும்."

அப்பா தலையாட்டினார்.

"சரி, எலிக்கு மொதல்ல ஆறட்டும். ஓடு பத்தலைன்னா சொல்லு, நாளைக்கும் போய்ட்டு வர்றேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு கட்டைக் கட்டி முடித்தேன்.

அவருடைய செருப்பை என் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.