மருதாணிச் சாறும் அடி அண்ணாமலை வயலும்

இன்று காலை ஆய்வகத்தில் மருதாணி இலையைக் கொதிக்க வைத்தேன். அந்த வாசனை எழுந்ததும் நீ வந்துவிட்டாய்.

வெள்ளியை நுண்துகளாக்க ஏற்ற இலை கிடைக்காமல் ஆராய்ச்சி மாணவிகளாக நாம் இருவரும் தவித்துக்கொண்டிருந்த நாட்களில், உங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு பை நிறைய மருதாணியைப் பறித்து வந்தவள் நீதான். "பெருநாளுக்குக் கையில வைக்க மட்டும்தானா இது? வெள்ளிக்கு வச்சுப் பாப்போம்டி" என்றாய். வடிகட்டிய சாற்றில் வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டோம். வெளிர்மஞ்சள் மெல்லத் தேநீர் நிறமானது. கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் உருவாகிவிட்டதற்கு அதுதான் முதல் அடையாளம். நெல்லில் இலைக்கருகலை உண்டாக்கும் பாக்டீரியாவை ஆய்வகத் தட்டில் அந்தக் கரைசல் வளரவிடவில்லை. செங்கம் சாலைக் கடை ஒன்றில், ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து, விலை கூடிய காபி குடித்துக் கொண்டாடினோம். உனக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

அடி அண்ணாமலையில் அலமேலு அக்கா தன் நெல் வயலில் ஒரு மூலையை நமக்கு விட்டுக்கொடுத்தார். தெளித்த மூன்றாம் நாள் இலை நுனிகள் பழுப்பாகக் காய்ந்திருந்தன. நீர் கலக்கும் அளவைத் தவறாக எழுதியவள் நான். நோய் வந்தாலும் நுனிதான் முதலில் காயும்.

"நோய்னு சொல்லிட்டா யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"நமக்குத் தெரியுமேடி" என்று சொல்லி, அக்காவைப் பார்க்க நீ வண்டியை எடுத்தாய்.

வரப்பில் நின்று நீதான் பேச்சைத் தொடங்கினாய். "அக்கா, இது நோய் இல்ல. நாங்க மருந்தை ஜாஸ்தி கலந்துட்டோம்." அந்த 'நாங்க' என்னைச் சுட்டது. "இல்லக்கா, தப்பா எழுதினது நான்தான்" என்றேன்.

"இன்னாம்மா இப்டி பண்ணிட்டீங்க" என்று அக்கா குனிந்து பயிரை விலக்கிப் பார்த்தார். "குருத்து பச்சையாத்தான் கீது. தேறிக்கும். அடுத்த வாட்டி கம்மியா கலந்து எடுத்தாங்க."

அடுத்த போகத்தில் சுற்றிலும் இலைக்கருகல் பரவியபோது, நாம் தெளித்த மூலையில் அது குறைவாகவே இருந்தது. நீ செருப்போடு சேற்றில் இறங்கிக் குதித்தாய். சில மாதங்களில் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் போனாய் என்பதில் எனக்கொரு நிறைவு.

போன வாரம் வேங்கிக்காலில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் நம் கரைசலைப் பற்றிப் பேசினேன். ஒருவர் எழுந்து கேட்டார்: "இது எங்கயாச்சும் பயிரைக் கெடுத்திருக்கா மேடம்?"

"கெடுத்திருக்குங்க. என் தப்பாலதான்" என்று நடந்ததை அப்படியே சொன்னேன். அந்தத் துணிவு நீ கொடுத்தது, இன்னும் என்னிடம் இருக்கிறது.

அவர் தலையசைத்தார். "அப்ப எங்க வயல்ல போட்டுப் பாக்கலாம், வாங்க" என்றார்.

திங்கட்கிழமை போகிறேன். அளவை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.